படித்துறையில் உட்கார்ந்து உலகச் சந்தையைக் கணிப்பது எப்படி?

நெல்லைச் சீமையில் வேலை இல்லை என்று இனிமேல் யாரும் ரயிலேற வேண்டாம். ஒரு லேப்டாப், மாடியில் சிக்னல் கிடைக்கிற ஒரு மூலை, குறுக்குத்துறையில் நிழல் விழுகிற ஒரு படி, இவ்வளவு இருந்தால் போதும். ‘மெய்நிகர் நெட்வொர்க்கிங் தொழில்நுட்பச் சந்தை: வளர்ச்சியும் போக்குகளும்’ என்று நூற்றைம்பது பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்துவிடலாம். இந்த ரகத்து அறிக்கைகள் நாலாயிரம், ஐயாயிரம் டாலர் என்று விலை போகின்றன. அதுவும் ஒரே ஒருவர் படிக்க ஒரு விலை, ஆபீஸ் முழுக்கப் படிக்க வேறு விலை. ஒருத்தர் தினத்தந்தி வாங்கி டீக்கடையே படிக்கிற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது.

தயாரிக்கும் முறை கீழே. படிகளை வரிசை மாற்ற வேண்டாம். மாற்றினால் நடுவில் எங்காவது உண்மை வந்துவிடும் அபாயம் இருக்கிறது.

முதல் படி: சரக்கு என்ன என்று சொல்லிவிட்டு உடனே நகருங்கள்

வாங்குகிறவருக்கு இது என்னவென்று தெரியாது. தெரிந்தவர் வாங்கமாட்டார். ஆனாலும் விளக்கம் என்று ஒரு பத்தி வேண்டும். அதை நம் ஆற்றை வைத்தே எழுதிவிடலாம்.

பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். ஓடுவது ஒரே தண்ணீர். ஆனால் கன்னடியன் கால்வாய்க்காரருக்கு அது கன்னடியன் தண்ணீர், கோடகன்காரருக்குக் கோடகன் தண்ணீர். ஒருவர் பங்கில் இன்னொருவர் கை வைத்தால் கலெக்டர் ஆபீசில் மனு விழும். மெய்நிகர் நெட்வொர்க்கிலும் இதே சங்கதிதான். வயர் ஒன்று, ஸ்விட்ச் ஒன்று. அதற்குள் நூறு கம்பெனிகளுக்கு நூறு தனி வலை இருப்பதுபோல மென்பொருள் பிரித்துவிடுகிறது. பக்கத்துக் கம்பெனியின் போக்குவரத்து நம் கண்ணில் படாது.

நம்மிடம் பதினோரு கால்வாய். பழைய வி-லேன் முறையில் ஒரே வயரில் 4,094 கால்வாய் வெட்டலாம். எந்த வலை என்று அடையாளம் எழுத 12 பிட் இடம்தான் வைத்திருந்தார்கள், அதனால் அந்தக் கணக்கு. பெரிய டேட்டா சென்டர்களுக்கு அது போதவில்லை. 2014-ல் வெளியான வி.எக்ஸ்.லேன் என்ற முறையில் அடையாளத்துக்கு 24 பிட். கால்வாய்களின் எண்ணிக்கை 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இன்னொரு சங்கதியும் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்விட்சும் தன் புத்திக்கு எட்டியபடி வழி பார்த்துக்கொள்ளும். 2008-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் ‘ஓப்பன்ஃப்ளோ’ என்று ஒரு முறையை முன்வைத்தார்கள். தண்ணீர் விடுவது மட்டும் ஸ்விட்சின் வேலை. எந்த மடையை எப்போது திறப்பது என்பதை வேறோர் இடத்தில் இருக்கிற மென்பொருள் சொல்லும். இந்தச் சந்தையின் ஒரு பெரிய கிளை இந்த ஒரு யோசனையிலிருந்து முளைத்ததுதான்.

இந்த மடைச் சங்கதியை மட்டும் உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். எழுதினால், படிக்கிறவர் நம் பக்கத்து ஆளாக இருந்தால், “அது சரி, மடைச் சாவி யாரு கையில இருக்கு?” என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கம் வரை ஒத்திப்போடுவதே இந்தத் தொழிலின் சூட்சுமம்.

இரண்டாம் படி: வளர்ச்சி விகிதத்தைப் பிடியுங்கள்

அறிக்கையின் உயிர் சி.ஏ.ஜி.ஆர். என்கிற கூட்டு வளர்ச்சி விகிதம். அதில் தசமப் புள்ளி கட்டாயம் வேண்டும். 25 சதவீதம் என்றால் குத்துமதிப்பாகச் சொன்னது என்று நினைப்பார்கள். 24.7 என்றால் ராத்திரி தூங்காமல் கணக்குப் போட்டது என்று நம்புவார்கள்.

விகிதத்தை எங்கிருந்து எடுப்பது? கிராஃப் செங்குத்தாக ஏறுகிற நாலு நாளைப் பார்த்து எடுங்கள். உதாரணம் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அரட்டை செயலி 2021-ல் வந்து, அதன்பாட்டுக்கு இருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் சுதேசிச் செயலி என்ற பேச்சு கிளம்பியதும், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் ஒரு நாளைக்கு 3,50,000 பேர் என்று ஏறியதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதினார். நூறு மடங்குக்கு மேல்.

இனி உங்கள் வேலை. இதே வேகத்தை அப்படியே நீட்டுங்கள். ஆறாம் நாள் ஒரு நாளைக்கு 4 கோடி பேர். ஒன்பதாம் நாள் ஒரு நாளைக்கு 476 கோடி பேர். பத்தாம் நாள் முடிவதற்குள் பூமியில் ஆள் தீர்ந்திருப்பார்கள். இந்தக் கடைசி வரி வருவதற்கு முன் கிராஃபை வெட்டிவிட வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிந்தவரைத்தான் அனலிஸ்ட் என்கிறார்கள்.

நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள், அறிக்கையில் போடத்தான் வேண்டாம். அரட்டை ஆப் ஸ்டோரில் முதலிடம் வந்தது. சில வாரங்களில் அந்த இடம் போய்விட்டது. கூட்டம் கூடிய அந்த நாட்களில் அதில் அழைப்புகளுக்குத்தான் முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. ‘அனுப்பினதை நடுவில யாரு படிக்கலாம்?’ என்று கேட்டவர்கள் இதைத்தான் கேட்டார்கள். மறுபடியும் சாவிக் கேள்வி.

மூன்றாம் படி: எதை எண்ணுகிறோம் என்பதைப் புகைமூட்டமாக வையுங்கள்

2020 ஏப்ரலில், ஊரடங்கின் உச்சத்தில், ஜூம் நிறுவனம் தினமும் 30 கோடிப் பயனாளர்கள் என்று அறிவித்தது. 2019 டிசம்பரில் அது 1 கோடி. உலகமே வாயைப் பிளந்தது. சில நாளில் சத்தமில்லாமல் ஒரு திருத்தம் வந்தது: பயனாளர்கள் இல்லை, ‘கூட்டப் பங்கேற்புகள்’. அதாவது காலையில் ஆபீஸ் மீட்டிங், மத்தியானம் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, ராத்திரி துபாயில் இருக்கிற மச்சானோடு பேச்சு என்று ஒரே ஆள் மூன்று தடவை உள்ளே போனால், கணக்கில் மூன்று.

இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை எண்ணாதீர்கள், உள்ளே போனதை எண்ணுங்கள். குற்றால சீசனில் மெயினருவிக்கும் ஐந்தருவிக்கும் புலியருவிக்கும் போன ஒரே குடும்பத்தை மூன்று குடும்பமாக எழுதினால் சுற்றுலா வளர்ச்சியும் இதேபோலப் பிரமாதமாக இருக்கும்.

நாலாம் படி: ‘முன்னணி நிறுவனங்கள்’ என்று ஒரு பட்டியல் போடுங்கள்

பட்டியலில் பெயர் மட்டும் போதும். ஒரு பெயர் எப்படி இன்னொரு பெயருக்குள் போனது என்று எழுதப்போனால் கதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சான்றுக்கு ஒன்று.

ஓப்பன்ஃப்ளோ யோசனைக்குப் பின்னால் இருந்த மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் மூவரும் 2007-ல் ‘நிசிரா’ என்று ஒரு சிறு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். 2012-ல் வி.எம்.வேர் அதை 126 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கினது ஆபீசையோ மேஜை நாற்காலியையோ பார்த்தல்ல. ஆயிரக்கணக்கான சர்வர்களின் போக்குவரத்தை ஓரிடத்தில் இருந்து திறந்து மூடுகிற மென்பொருளுக்குத்தான் அந்த விலை. 2023 நவம்பரில் அந்த வி.எம்.வேரையே பிராட்காம் வாங்கிவிட்டது, சுமார் 6,900 கோடி டாலருக்கு.

வாங்கிய அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது. ஒருமுறை காசு கொடுத்துக் காலம் முழுக்க வைத்துக்கொள்கிற உரிமம் இனிமேல் விற்பனைக்கு இல்லை. எல்லாம் சந்தா, அதுவும் கட்டுக்கட்டாக. கத்தரிக்காய் மட்டும் வேண்டும் என்றவரிடம் கூடையோடு எடுத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில் கிளவுட் நிறுவனங்கள் புகார் கொடுத்தன. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. 2024-ல் வழக்கே போட்டது.

கவனியுங்கள். வயர் அறுபடவில்லை. சர்வர் எரியவில்லை. வாடிக்கையாளர் கட்டிய கட்டடத்தில், வாடிக்கையாளர் வாங்கிய பெட்டியில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சாவி மட்டும் கை மாறியது. இதைச் சந்தை அறிக்கையின் நடையில் எழுதுவதானால், ‘ஒருங்கிணைப்புப் போக்கு சந்தையின் முதிர்ச்சியைக் காட்டுகிறது’ என்று எழுத வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கே ஆயிரம் டாலர் வாங்கலாம்.

ஐந்தாம் படி: ‘ஆசிய பசிபிக் வட்டாரம்’ என்று சொல்லி ஊரை மறைத்துவிடுங்கள்

எல்லா அறிக்கையிலும் ‘ஆசிய பசிபிக் வட்டாரமே மிக வேகமாக வளரும்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் டோக்கியோவும் உண்டு, தென்காசியும் உண்டு. பிரித்துப் பார்த்தால் சங்கடம்.

பிரித்துப் பார்ப்போம். 1996-ல் அட்வென்ட்நெட் என்று ஒரு கம்பெனி தொடங்கியது. டெலிகாம் பெட்டி செய்கிறவர்களுக்கு, அந்தப் பெட்டிகளைக் கண்காணித்து நிர்வகிக்கிற மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். 2001 வாக்கில் டெலிகாம் சந்தை சரிந்து விழுந்தது. அதுவரை வந்த ‘அபார வளர்ச்சி’ அறிக்கைகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். பெட்டி செய்கிறவன் படுத்துவிட்டால், பெட்டியை வைத்து ஆபீஸ் நடத்துகிறவனுக்கு விற்கலாம் என்று அவர்கள் திரும்பினார்கள். அதுதான் மேனேஜ் எஞ்சின். எந்த ஸ்விட்ச் திணறுகிறது, எந்த லிங்க் விழுந்தது, யார் பேண்ட்விட்த்தைக் குடிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிற சரக்கு. கம்பெனியின் பெயர் 2009-ல் ஜோஹோ ஆனது.

2011-ல் தென்காசியில் ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். அப்போது தென்காசி திருநெல்வேலி மாவட்டம்தான். தனி மாவட்டமானது 2019 நவம்பரில். குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு தென்காசி வழியாகப் போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. ஆகவே இதையும் நம் ஆற்றுக் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம். மத்தளம்பாறையில் வயல்களுக்கு நடுவே வளர்ந்த வளாகம் அந்தச் சின்ன அலுவலகத்திலிருந்து வந்ததுதான். வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் தென்காசியில் உருவானது. ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார்.

இது உங்கள் தொழிலுக்கு ஆகாத கதை. ஏனென்றால் இதில் கூட்டு வளர்ச்சி விகிதத்துக்கு இடம் இல்லை. 2005-லிருந்து பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஜோஹோவுக்கு உண்டு. ஒருத்தன் நெட்வொர்க்கைப் புரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும். கார் நெல்லையும் பிசான நெல்லையும் ஒரே மாசத்தில் அறுக்கச் சொன்னால் யாரால் முடியும்? ஆகையால் ‘கிராமப்புற இந்தியா மாபெரும் வாய்ப்பு’ என்று எழுதி, மத்தளம்பாறையை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடுங்கள்.

ஆறாம் படி: சட்டதிட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்

வி.பி.என். என்பது இந்தச் சந்தையின் செல்லப்பிள்ளை. பொதுச்சாலையில் நமக்கென்று மூடிய சுரங்கம். 2022 ஏப்ரல் 28-ம் தேதி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: வி.பி.என். நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எதற்காக வாங்கினார் என்பது உட்படக் குறித்துவைத்து 5 வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். ரகசியம் காப்பதையே வியாபாரமாக வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவருமா? அந்த ஜூன் மாதமே எக்ஸ்பிரஸ் வி.பி.என். தன் இந்திய சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஆனால் ‘இந்தியா’ என்ற தேர்வு மெனுவில் அப்படியே இருந்தது. சர்வர் இருப்பது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். கொடுக்கிற முகவரி மட்டும் இந்திய முகவரி. சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் முகவரி சொல்வதை அவர்கள் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்திருக்கலாம். கடையநல்லூர்க்காரர்கள் அங்கே ஊர்ப் பெயரிலேயே சங்கம் வைத்துத் தலைமுறை கணக்கில் அதைத்தான் செய்துவருகிறார்கள். கல்யாணம், காரியம், படிப்புச் செலவு எல்லாம் அந்த வலையில்தான் போய்வருகிறது.

அறிக்கையில் இதை ‘ஒழுங்குமுறைச் சூழல் மாறிவருகிறது’ என்று முடித்துக்கொள்ளுங்கள். சாவி வேண்டும் என்று இந்தத் தடவை கேட்டது அரசாங்கம் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஏழாம் படி: ‘இடர்கள்’ பகுதியில் ஜே.சி.பி.யைப் பற்றிப் பேசாதீர்கள்

அறிக்கைகளில் இடர் என்றால் சைபர் தாக்குதல், திறன்மிகு ஊழியர் பற்றாக்குறை, உலகப் பொருளாதார மந்தம். மண்வெட்டி வராது. கல்லிடைக்குறிச்சியிலோ வீரவநல்லூரிலோ ரோட்டோரம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற ஜே.சி.பி. ஒரு தடவை கையை வீசினால், மெய்நிகர் எல்லாம் மெய்யாகவே நின்றுபோகும். வீடுகளில் மோடத்தில் சிவப்பு லைட் எரியும். “ஃபைபர் கட் ஆயிட்டு அண்ணாச்சி, ஆள் போயிருக்கு” என்று போனில் பதில் வரும்.

போயிருக்கிற அந்த ஆளைப் பாருங்கள். டூ-வீலரில் வருவார். பள்ளத்தின் விளிம்பில் சாக்கை விரித்து, முழங்கால் மேல் ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்துக்கொள்வார். கேபிளின் கறுப்பு உறையை உரித்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பூசின இழைகள். நிறம் மாறாமல் ஜோடி சேர்க்க வேண்டும். பூச்சை வழித்து, ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைத்து, கிளீவரில் வைத்து ‘டிக்’ என்று நுனியை வெட்டுவார். உள்ளே வெளிச்சம் போகிற வழி 9 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். இரண்டு நுனியும் மெஷினின் சின்னத் திரையில் பெரிதாகத் தெரியும், நேராகும், ஒரு மின்பொறியில் உருகி ஒட்டும். லாரி போனால் தூசி. தூசி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒட்டின இடத்தில் ஸ்லீவை ஏற்றிச் சூடு காட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவார். 1 கோடியே 67 லட்சம் மெய்நிகர் வலைகளும் அந்த நேரத்தில் அவர் முழங்காலில்தான் இருக்கின்றன. அவருடைய மாசச் சம்பளத்தில் உங்கள் அறிக்கையின் முன்னுரையைக்கூட வாங்க முடியாது.

இதைவிடப் பெரிய இடரும் ஆற்றோரத்துக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். மின்சாரம் போய், டவர்களின் பேட்டரியும் தீர்ந்து, பல ஊர்களில் போன் ஊமையானது. பயணிகளின் சொந்தக்காரர்கள் அடித்த அழைப்பெல்லாம் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. எங்கோ இருக்கிற கிளவுட் கம்பெனிகளின் டேட்டா சென்டர்களுக்கு இந்த மழை தெரியாது. சந்தைக் கணக்கில் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைமடைக்கு வரவில்லை, அவ்வளவே.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 2022-ல் தொடங்கியது. ‘இத்தனை ஊராட்சிக்குக் கேபிள் போயிற்று’ என்ற எண்ணை நீங்கள் வளர்ச்சிப் பகுதியில் போட்டுக்கொள்ளலாம். போன கேபிளில் இன்றைக்கு வெளிச்சம் வருகிறதா என்பதற்குத் தனிக் கட்டம் போடாதீர்கள்.

எட்டாம் படி: விற்பனை

அறிக்கை தயார். அட்டையில் நீல நிற உலக உருண்டை, அதைச் சுற்றிப் புள்ளியும் கோடும். வாங்க வருகிறவர்கள் இரண்டு வகை.

முதல் வகையினர், “2032-ல் சந்தை மதிப்பு என்ன?” என்று கேட்பார்கள். வயிற்றைக் கலக்கும் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். 2032-ல் அந்த எண்ணைத் தேடி யாரும் குறுக்குத்துறைக்கு வரப்போவதில்லை. இவர்கள்தான் உங்கள் சோறு.

இரண்டாம் வகை அபூர்வம். டவுண் ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியாக இருக்கலாம். மூன்று கிளைக் கடைகளையும் ஒரே நெட்வொர்க்கில் கொண்டுவர நினைக்கிறவர். எண்ணைக் காட்டுமுன் அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

“தம்பி, அந்தச் சந்தை எம்புட்டு வளந்தா எனக்கென்னடே? எனக்கு நாலு சங்கதிதான் தெரியணும். இதைத் தாரவன் நாளைக்கு விலையை மூணு மடங்கு ஏத்துனா, நான் வேற ஆள்கிட்ட மாறிக்கிட முடியுமா? கடைக் கணக்கு எந்த ஊரு மெஷின்ல கிடக்கு? லைன் அத்துப்போனா அம்பைக் கடையில பில்லு போட வழி உண்டா? ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டா எடுக்கிறவன் பாளையங்கோட்டையில இருக்கானா, பாஸ்டன்ல இருக்கானா?”

நூற்றைம்பது பக்கத்தையும் புரட்டுங்கள். இந்த நாலில் ஒன்றுக்கும் பதில் இருக்காது, நாம்தான் படிப்படியாகக் கவனமாக எடுத்துப்போட்டோமே. நிசிராவுக்கு 126 கோடி டாலர் கொடுத்தவர்களும் வி.எம்.வேருக்கு 6,900 கோடி டாலர் கொடுத்தவர்களும் இந்த நாலில் முதலாவதைத்தான், விற்கிற பக்கத்தில் நின்று, கேட்டிருப்பார்கள்: வாடிக்கையாளர் மாறிப்போக முடியாத சரக்கா இது? அவர்களுக்கு வேண்டிய பதிலும் அண்ணாச்சிக்கு வேண்டிய பதிலும் நேர் எதிர். இரண்டு பேரும் கேட்கிற கேள்வி ஒன்றே.

எனவே அண்ணாச்சியிடம் அறிக்கையை விற்க முயலாதீர்கள். மூன்று கடைக்கும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் தேவைப்படும். சம்பளம் என்ன என்று கேட்டுவிட்டுச் சேர்ந்துவிடுங்கள்.